முப்பத்தெட்டு வினாடி

ஜூலை. கௌடோகைனோவில் இரவு என்பது
கடிகாரம் மட்டும் நம்பும் வதந்தி.
ஒரு மணிக்கும் வெயில் திரையில் விழுகிறது.
ஜன்னலில் போர்வையை ஆணியடித்துவிட்டு
வினவலை மறுபடி ஓட்டுகிறேன்.

எண்பது கிலோமீட்டருக்கு அப்பால், பட்டிக்குள்,
ஒரு பனிமானின் கொம்பைப் பிடித்தபடி இஸ்ஸாத் நிற்கிறான்.
மறு கையில் போன்.
இடக்காதில் நுனிவெட்டு, அடியில் ஒரு பிறை,
வலக்காதில் இரண்டு கொத்து:
யாருடையது?
முப்பத்தெட்டு வினாடி.
அவன் கழுத்தில் ஒரு கொசு
சாவகாசமாகச் சாப்பிட்டு எழுந்து போகிறது.

அவன் திட்டவில்லை.
"உன் மெஷின் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வருகிறதா?"
என்றான், அவ்வளவுதான்.

ஆமாம், நடந்துதான் போகிறது.
எப்படித் தேடுகிறாய், விளக்கு என்று கட்டளையிட்டுப் பார்த்தேன்.
முதல் காதில் தொடங்கிக் கடைசிக் காதுவரை
ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்க்கிறது:
செத்தவர்களின் குறிகள்,
மந்தையை விற்றுவிட்டு ஆல்டாவுக்குப் போனவர்களின் குறிகள்.
ஒவ்வொரு காதுக்கும்
பெயரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறது.
கிடைத்த பின்னும் நிற்பதில்லை.
இன்னொன்று இருந்துவிட்டால்?

நினைவகம்: நூற்று இருபத்தெட்டு மெகாபைட்.
நிறுவிய நாளில் இருந்த அளவு, யாரும் தொடவில்லை.
அறுபத்துநாலு ஜிகாபைட் வீட்டில்
வாசற்படியிலேயே சுருண்டு படுத்திருக்கிறது,
உள்ளே வா என்று ஒருவரும் சொல்லாததால்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அந்த நியாயம் அதற்கும் தெரியும்.
ஆனால் அது நசுக்கிப் பார்த்த சோறு
ஒன்பது வருடப் பழையது.
அந்தக் கணக்கில் அட்டவணையில் முந்நூறே வரிகள்.
முந்நூறுக்கு எதற்குக் குறுக்குவழி என்று
இருந்த இன்டெக்ஸையும் சீந்தவில்லை.
தவறென்று சொல்லமாட்டேன்.
பழைய தகவலை வைத்துக்கொண்டு
பிசகில்லாமல் யோசிப்பவர்களை எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் அப்படியொரு திருமணத்தில் இருந்தேன்.

கதவைத் திறந்துவிட்டேன்: பதினாறு ஜிகாபைட்.
புதிதாகச் சோறு எடுத்துப் பதம் பார்க்கச் சொன்னேன்.
பழைய இன்டெக்ஸை இடித்து மறுபடி கட்டினேன்,
இடக்காது முதலில், பிறகு வலக்காது,
மூடுபனியில் ஒரு காதுதான் தெரியும் என்று
மாரேத் ஒருமுறை சொல்லியிருந்தாள், அது இடக்காது.

நாலு மில்லிசெகண்ட்.

இஸ்ஸாத் உடனே அழைத்தான்.
"பார்த்துச் சொன்னாயா, வாய்க்கு வந்ததா?"
கொம்பைக் கை மாற்றிப் பிடிக்கவும் நேரமில்லையாம்.
குறையாகத்தான் சொன்னான்.
பின்னால் மாரேத் சிரிப்பது கேட்டது:
அந்த முப்பத்தெட்டு வினாடியும்
மானோடு பேசிப் பழகிவிட்டானாம்,
இப்போது பாதி வார்த்தையிலேயே விடவேண்டியிருக்கிறதாம்.

அப்புறம் ஒரு கன்று வந்தது. கத்தி படாத காதுகள்.
இடக்காது: நல். வலக்காது: நல்.
வெட்டில்லை என்று பொருளல்ல, தெரியவில்லை என்று.
பட்டியில் அப்படி நாற்பது கன்றுகள்.
இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்டால்
ஆம் என்பதில்லை, இல்லை என்பதுமில்லை தரவுத்தளம்.
தெரியாதது தெரியாததற்குச் சமமல்ல.

தாய்க்கென்று ஒரு நிரல் வைத்திருக்கிறேன், அயற்சாவி.
அதை நிரப்ப என்னிடம் வினவல் கிடையாது.
கன்றுகளின் கழுத்தில் எண் அட்டையைக் கட்டி
கயிற்றை அவிழ்த்துவிட்டு
வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள்.
எது எதன் பின்னால் போகிறதோ, அதுதான்.

போனை யாரும் அணைக்கவில்லை.
குளம்புகள், உறுமல்கள், இடையே காற்று.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வேகப்படுத்த எனக்கு அங்கே ஒன்றுமில்லை.
பதினேழு நிமிடம், ஒருவேளை கூடவே இருக்கலாம்,
போர்வையின் ஓட்டை வழியே வெயில்
விசைப்பலகையில் ஒரு எழுத்திலிருந்து
அடுத்த எழுத்துக்கு நகர்ந்திருந்தது.

"இருபத்தாறு," என்றான் இஸ்ஸாத், மெல்ல.
"பாதி வாலுள்ள அந்தச் சாம்பல் பசு."

அடித்தேன்.
ஒரு வரி புதுப்பிக்கப்பட்டது.